ஏர் பியூரிஃபையருக்கு முன்னால் கொசுவலை

சாயங்காலம் ஐந்தரை ஆனால் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வரிசையாக ஒரு சத்தம் கேட்கும். டப், டப், டப் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னல் சாத்துகிற சத்தம். சென்னையில் இருப்பவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, கொசு. அப்படிச் சாத்திய வீட்டுக்குள் விளக்கேற்றி ஊதுபத்தி, வெள்ளிக்கிழமையானால் சாம்பிராணி. தப்பி உள்ளே வந்த கொசுவுக்கு ஒரு காயில். ராத்திரி தோசை, கூடவே சட்னிக்குத் தாளிப்பு. ஒன்பதரைக்கு ஏ.சி. போட்டுக் கதவையும் சாத்திப் படுத்தால் காலை ஆறரை வரை அதே காற்றுதான்.

என் மகளுக்கு நான்கு வயதில் வீசிங் தொடங்கியபோது நானும் ரோட்டுத் தூசியையும் எதிர் மனையில் நடந்த கட்டட வேலையையும்தான் திட்டிக்கொண்டிருந்தேன். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல காயில் கொளுத்துவீங்களாம்மா?" இரண்டாவது, "சாம்பிராணி போடுவீங்களா?" இரண்டுக்கும் ஆமாம் என்றேன். அவர் மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே, "முதல்ல அதை நிறுத்துங்க, ரோட்டை அப்புறம் பாக்கலாம்" என்றார்.

வீட்டுக்குள் காற்றைச் சுத்தமாக வைத்துக்கொள்வது பற்றி அன்றிலிருந்து கற்றுக்கொண்டதைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் வீடு இரண்டு படுக்கையறை கொண்ட சாதாரண ஃபிளாட். வரிசைதான் முக்கியம்: புகையை நிறுத்துவது, காற்றை நடமாட விடுவது, ஈரத்தைப் போக்குவது, கடைசியாகத் தேவைப்பட்டால் காற்றைச் சுத்தப்படுத்தும் மெஷின். பலர் கடைசியில் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், அந்தக் கூத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வேலை: ஜன்னலுக்கு வலை

காற்று கெடுவதற்கு மூல காரணம் ஜன்னலைச் சாத்துவது, சாத்தக் காரணம் கொசு. ஆகவே முதலில் வாங்க வேண்டியது கொசுவலை. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் எங்கள் வீட்டில் எந்த மெஷினை விடவும் அதிகம் உதவியது இதுதான்.

மூன்று வகை கிடைக்கும். வெல்க்ரோ பட்டை ஒட்டி மாட்டுவது மலிவு, வாடகை வீட்டுக்கு ஏற்றது. அலுமினியச் சட்டத்தில் வலை இழுத்துத் தைப்பது அடுத்தது. நகர்த்தும் கண்ணாடி ஜன்னல் என்றால் கூடவே ஓடும் வலைக் கதவு போடலாம். சதுர அடிக் கணக்கில் ஆள் வந்து அளவெடுத்துப் பொருத்திக் கொடுப்பார்கள்.

நம் ஊர் மர ஜன்னலில் ஒரு சிக்கல் இருக்கிறது. கதவு வெளிப்பக்கம் திறக்கும், கம்பி உட்பக்கம் இருக்கும். கம்பிக்கு உள்ளே வலையை மாட்டிவிட்டால் மழை வரும்போது கதவைச் சாத்தக் கை போகாது. நாங்கள் முதலில் நான்கு பக்கமும் ஒட்டிவிட்டு, முதல் மழையில் படுக்கை நனைந்த பிறகு கிழித்தோம். ஒரு கீழ் மூலையை மட்டும் திறந்து மூடுகிற மாதிரி அந்த இடத்து வெல்க்ரோவைத் தனித் துண்டாக ஒட்டச் சொல்லுங்கள். குளியலறை வென்டிலேட்டர், சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை, பால்கனிக் கதவு மூன்றையும் மறக்க வேண்டாம். ஒன்றை விட்டால் மற்றதெல்லாம் வீண்.

மாதம் ஒருமுறை வலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் தூசி அடைத்திருந்தால் காற்று வராது. கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசி மாட்ட வேண்டும்.

வலை வந்ததும் காயிலை நிறுத்தலாம். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற காயில்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2003-இல் வெளியானது. ஒரு காயில் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்றது அது. நம் வீட்டில் யாரும் சிகரெட் பிடிப்பதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம், கட்டிலுக்கு அடியில் இது புகைந்துகொண்டிருக்கும்.

செருகி வைக்கிற லிக்விடில் புகை இல்லை, ஆனால் பூச்சிமருந்து காற்றில் கலக்கத்தான் செய்கிறது. போட்டே ஆக வேண்டுமென்றால் ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும், குழந்தையின் தலைமாட்டில் வேண்டாம். கொசுவுக்கென்று 'மூலிகை' ஊதுபத்தி என்று பெட்டிக்கடையில் கிடைப்பதை நான் நம்ப மாட்டேன். அனுமதி பெறாத பூச்சிமருந்து கலந்தவையும் அவற்றில் உலவுகின்றன. பச்சைக் குழந்தைக்குப் பழைய முறையில் கட்டிலைச் சுற்றித் தொங்கும் வலையை மிஞ்ச எதுவும் இல்லை.

சமையலறை

ஒரு நாள் பி.எம். 2.5 என்ற நுண்துகளின் அளவைக் காட்டும் சிறு மீட்டரைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுத் தோசை ஊற்றினேன். கல் காய்ந்து எண்ணெய் புகைந்த சில நிமிடத்தில் எண் மூன்று இலக்கத்துக்குப் போய்விட்டது. வரமிளகாய் தாளித்தபோது மீட்டரைப் பார்க்கவே தேவையிருக்கவில்லை, நெடி ஏறி ஹாலில் இருந்தவர்கள் இருமினார்கள்.

பி.எம். 2.5 என்பது இரண்டரை மைக்ரான் அல்லது அதற்கும் குறைவான விட்டமுள்ள துகள். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு, அவ்வளவுதான். மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடிவரை போகும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஒரு நாள் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்றது. இந்தியாவில் அந்த வரம்பு 60. இதில் புதியவர்கள் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. செயலியில் வருகிற ஏ.க்யூ.ஐ. என்ற காற்றுத் தரக் குறியீட்டு எண்ணும் மீட்டரில் வருகிற மைக்ரோகிராமும் வேறு வேறு. நம் ஊர்க் கணக்கில் பி.எம். 2.5 அறுபது என்றால் ஏ.க்யூ.ஐ. நூறு. இரண்டையும் அப்படியே ஒப்பிட்டு 'வெளியே நூறு, உள்ளே அறுபதுதான்' என்று நிம்மதியடைய வேண்டாம்.

எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தும் புகை போகவில்லை என்பவர்கள் ஒரு சோதனை செய்யலாம். ஒரு டிஷ்யூ தாளை ஃபேன் அருகில் பிடியுங்கள். அதை நோக்கி இழுக்கப்பட்டுத் தாள் படபடக்க வேண்டும். இழுக்கவில்லையென்றால் எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டு மறுபடி பிடியுங்கள். பெரும்பாலும் இப்போது இழுக்கும். வெளியே போகிற காற்றுக்கு ஈடாக உள்ளே வரக் காற்று வேண்டும். எல்லாவற்றையும் மூடிவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிட்டால் அது சும்மா சுழலும், கரண்ட் பில் வரும். அப்படியும் இழுக்கவில்லை என்றால் ஃபேன் இறக்கையைக் கழற்றிப் பாருங்கள், எண்ணெய்ப் பிசுக்கு பட்டையாக ஒட்டியிருக்கும். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரும் சோடா மாவும் போட்டுத் தேய்த்தே எடுக்க முடிந்தது.

அடுப்பு பற்றவைக்கும் முன்பே ஃபேனைப் போடுங்கள், அணைத்த பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடட்டும். தாளிக்கும்போது ஒரு தட்டைச் சாய்த்து மூடினால் பாதிப் புகை வாணலியிலேயே அடங்கிவிடும். சிம்னி வாங்குகிறவர்கள் குழாய் வழியே வெளியே விடுகிற வகையைத்தான் வாங்க வேண்டும். குழாய் இல்லாத, கரி ஃபில்டர் வழியாகக் காற்றைச் சுற்றி மறுபடி அடுப்படியிலேயே விடுகிற சிம்னி எண்ணெய்ப் பசையைப் பிடிக்கும், கேஸ் எரிவதால் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடைச் சரியாகப் பிடிக்காது. சிம்னி வைத்திருப்பவர்கள் தாளிப்பைச் சுவர்ப்பக்கத்து பர்னரில் வையுங்கள், முன் பர்னரை விட அங்கே நன்றாக இழுக்கும்.

பூஜை அறை

இது அறிவியலை விடக் குடும்பப் பேச்சுவார்த்தை சம்பந்தப்பட்டது. எங்கள் அத்தை, "சாம்பிராணி போடாத வீடு என்னம்மா வீடு?" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. "பால்கனிக் கதவைத் திறந்து வச்சுட்டு அங்க போடுங்க அத்தை, பாப்பா மட்டும் உள்ள இருக்கட்டும்" என்றேன். இரண்டு வாரம் முணுமுணுத்தார், அப்புறம் பழகிவிட்டது. கங்கு போட்ட பழைய தூபக்காலானாலும் சரி, இப்போதைய கம்ப்யூட்டர் சாம்பிராணியானாலும் சரி, புகை புகைதான். கட்டியாக வருவதில் பெரும்பகுதி கரியும் மரத்தூளும்.

தலைக்குக் குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணி காட்டும் வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். குழந்தைகள் மருத்துவர்கள் அதைத் தவிர்க்கத்தான் சொல்கிறார்கள். துண்டால் துவட்டி ஃபேன் காற்றில் உலர்த்தினாலே போதும். ஊதுபத்தி ஒன்று போதும், கட்டாக ஏற்ற வேண்டாம். பீரோவில் போடும் பாச்சை உருண்டையையும் இந்தப் பட்டியலில் சேருங்கள். அது நாஃப்தலீன். ஜி6பி.டி. என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கும். புடவைக்குக் காய்ந்த வேப்பிலையும் அவ்வப்போது வெயிலும் போதும்.

எப்போது திறப்பது

விடியற்காலைக் காற்று சுத்தம் என்று நம்பித்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். நகரத்தில் பெரும்பாலும் அப்படி இல்லை. இரவில் தரை குளிர்ந்து காற்று அசையாமல் நிற்கும்போது வண்டிப் புகையும் குப்பை எரித்த புகையும் கீழேயே தேங்கிவிடும். மார்கழி, தை மாதங்களில் இது அதிகம். வெயில் ஏறி, கடற்காற்றும் வீசத் தொடங்கும் மதியத்தில்தான் சென்னையில் துகள் அளவு குறைகிறது. நாம் செய்வது நேர்மாறு: காலை ஆறுக்குத் திறந்து வைத்து, வெயில் ஏறியதும் சாத்துகிறோம்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' என்ற செயலியில் உங்கள் பகுதிக்கு அருகிலுள்ள நிலையத்தைப் பார்க்கலாம். சென்னையில் ஆலந்தூர், மணலி, வேளச்சேரி, அரும்பாக்கம், பெருங்குடி, ராயபுரம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் நிலையங்கள் உண்டு. ஒரு வாரம் காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை பார்த்துக் குறித்தால் உங்கள் பகுதியின் போக்கு பிடிபட்டுவிடும். அதன்படி ஜன்னல் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

திறக்கும்போது எதிரெதிரே இரண்டு வழி வேண்டும். ஒன்றை மட்டும் திறந்தால் காற்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். பழைய வீடுகளில் வாசலில் நின்றால் முற்றத்தைத் தாண்டிக் கொல்லைப்புறம் தெரியும், அந்த நேர்கோடுதான் விஷயம். ஃபிளாட்டில் அப்படி இல்லையென்றால் ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலுக்கு முகம் காட்டி, வெளியே ஊதுகிற மாதிரி வைத்துப் பாருங்கள். அறைக்குள் இருப்பதை அது தள்ள, கதவு வழியே புதுக் காற்று வரும். மெயின் ரோட்டுப் பக்கம் ஜன்னல் இருந்தால் அதைக் குறைத்துப் பின்பக்கத்தை அதிகம் திறவுங்கள்.

ஏ.சி. அறை

ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. வெளியே இருக்கும் பெட்டிக்கும் உள்ளே இருக்கும் பெட்டிக்கும் நடுவில் செம்புக் குழாயில் ஓடுவது குளிரூட்டும் வாயு மட்டும். அறையில் சுற்றுவது நீங்கள் விட்ட மூச்சேதான். பழைய ஜன்னல் ஏ.சி. பலவற்றில் வெளிக்காற்றுக்கு ஒரு சின்ன விசையாவது இருந்தது.

வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்கு 420 பங்கை ஒட்டி இருக்கும். சாத்திய சிறிய அறையில் இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் தூங்கினால் விடிவதற்குள் இரண்டாயிரத்தைத் தாண்டுவது சகஜம். ஆயிரத்துக்கு மேல் போனால் அறையில் காற்றோட்டம் போதவில்லை என்று 1858-இலேயே ஜெர்மனியின் சுகாதார அறிஞர் பெட்டன்கோஃபர் சொல்லிவிட்டார். காலையில் எழும்போது தலை கனத்து, எட்டு மணி நேரம் தூங்கியும் தூங்காத மாதிரி இருந்தால் ஏ.சி. குளிரைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

தீர்வு எளிது. படுக்கும் முன் பத்து நிமிடம் கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும். இரவில் அறைக் கதவை ஒரு சாண் விட்டு வையுங்கள், அல்லது வலை போட்ட ஜன்னலை இரண்டு விரல் அளவுக்குத் திறந்து வையுங்கள். கரண்ட் கொஞ்சம் கூடும், பரவாயில்லை. ஏ.சி. ஃபில்டரைக் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். சாதாரண வலை ஃபில்டர் பெரிய தூசியைத்தான் பிடிக்கும், நுண்துகளை அல்ல.

தூசியும் ஓதமும்

பெருக்கும்போது மேலே ஃபேன் ஓடினால் பெருக்கியும் பயனில்லை. ஃபேனை நிறுத்தி, ஈரத் துணியால் துடைப்பதே நல்லது. மின்விசிறி இறக்கையைத் துடைக்கப் பழைய தலையணை உறையை அதில் சட்டை மாதிரி மாட்டி இழுங்கள். தூசி உறைக்குள்ளேயே விழும், கட்டில் மேல் கொட்டாது. படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டில் துவைத்தால் தூசியில் வாழும் நுண்பூச்சிகள் சாகும். இலவம்பஞ்சு மெத்தையை மொட்டை மாடி வெயிலில் போட்டுத் தட்டுகிற பழக்கத்தை விடாதீர்கள், ஆனால் வீசிங் உள்ளவர் கையில் தட்டுக்கோலைக் கொடுக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு சுவரில் ஓதம் ஏறி, பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். அதன் மேல் பெயின்ட் அடிப்பது வீண் செலவு, மூன்று மாதத்தில் உரியும். கசிவு எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள்: மொட்டை மாடித் தளமா, மேல் வீட்டுக் குளியலறையா, மழைநீர்க் குழாயா. பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். மழை நாளில் ஹாலில் கொடி கட்டித் துணி உலர்த்தினால் அந்த ஈரம் முழுக்கச் சுவருக்குத்தான் போகும். ஒரே அறையில் உலர்த்தி, அங்கே ஃபேனும் திறந்த ஜன்னலும் வையுங்கள்.

பழைய வீட்டில் ஜன்னல் எனாமலைச் சுரண்டும்போது ஈரம் செய்து சுரண்டச் சொல்லுங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற கட்டுப்பாடு இங்கே நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான்.

இந்த இடத்தில் இரண்டு எச்சரிக்கை. பூஞ்சையையோ கழிவறைக் கறையையோ போக்க ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போடாதீர்கள். கலந்த நிமிடமே குளோரின் வாயு வரும், சின்னக் குளியலறையில் அது ஆளைச் சாய்க்கும். இன்னொன்று கார்பன் மோனாக்சைடு. கேஸ் கீசரைக் குளியலறைக்குள் வைக்கக் கூடாது, வெளியே வைத்துக் குழாயில் வெந்நீரை மட்டும் கொண்டுவர வேண்டும். கேஸ் கசிந்தால் நாற்றம் சேர்த்திருப்பதால் மூக்கு சொல்லிவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினாலும் இதே ஆபத்துதான்.

கடைசியாக மெஷின்

இவ்வளவும் செய்த பிறகும் வீட்டில் ஆஸ்துமா இருக்கிறது, அல்லது வீடு மேம்பாலத்தை ஒட்டி இருக்கிறது என்றால் பியூரிஃபையர் வாங்கலாம். விளம்பரத்தை விட்டுவிட்டு சி.ஏ.டி.ஆர். என்ற ஒரு எண்ணைப் பாருங்கள். மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தருகிறது என்பது அது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்து அடி உயரம் என்றால் சுமார் 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை சுத்தமாக வேண்டுமானால் 170 வேண்டும். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் எண் முழு வேகத்துக்கானது, அந்த இரைச்சலில் யாரும் தூங்க முடியாது. ஆகவே 300-ஐ ஒட்டி வாங்கி மெதுவாக ஓட்டுங்கள். ஃபில்டர் நுண்துகளையும் பிடிக்கிற உண்மையான ஹெப்பாவா, பெயருக்கு 'ஹெப்பா டைப்'பா என்று கேளுங்கள். மாற்று ஃபில்டரின் விலையையும் அன்றே கேளுங்கள், மெஷின் மலிவாக இருந்து ஃபில்டர் கழுத்தை அறுக்கும். ஓசோன் விடுகிறது என்று பெருமையாகச் சொல்கிற மெஷின் பக்கம் போகவே வேண்டாம், ஓசோன் நுரையீரலுக்கு எரிச்சல்.

முன்பு சொன்ன கூத்து இதுதான். மருத்துவரிடம் போய் வந்த வாரமே ஒரு மெஷின் வாங்கி, இரண்டு மாதம் இரவெல்லாம் ஓடவிட்டேன். மகளின் இருமல் குறையவே இல்லை. ஃபில்டரைப் பார்க்கலாம் என்று பின்மூடியைத் திறந்தால், அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. புதிதாக வாங்குகிறவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை அந்த உறையைப் பிரிப்பது.

மீட்டர் வாங்குவதானால் லேசர் முறையில் துகள் எண்ணுவது சுமாராக நம்பலாம். காற்றில் ஈரப்பதம் மிக அதிகமான விடியற்காலையில் அது கூட்டிக் காட்டும், பயப்பட வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு மீட்டரில் போலி அதிகம். கை கழுவும் சானிடைசரைத் திறந்து அருகில் காட்டுங்கள், எண் ஜிவ்வென்று ஏறினால் அது வேறு வாயுவை வைத்து ஊகிக்கிற ரகம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

செடி? நாசா 1989-இல் மூடிய சிறு பெட்டிக்குள் செய்த சோதனைதான் எல்லா விளம்பரத்துக்கும் ஆதாரம். ஜன்னல் திறப்பதற்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வேண்டும் என்று 2019-இல் பழைய ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். மணி பிளான்ட் கண்ணுக்கு அழகு, வைத்துக்கொள்ளுங்கள். அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசு முட்டையிடும், மறுபடி ஜன்னல் சாத்துகிற கதைக்கே வந்துவிடுவோம்.

போகியும் தீபாவளியும்

வருடத்தில் இந்த இரண்டு நாள் மட்டும் விதிவிலக்கு, அன்று வலை உதவாது. தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் காலை ஆறிலிருந்து ஏழு, மாலை ஏழிலிருந்து எட்டு என்று வெடிக்க நேரம் குறித்திருக்கிறார்கள், நடைமுறையில் நீளும் என்பது தெரிந்ததுதான். போகியன்று விடியும் முன்பே டயரும் பிளாஸ்டிக்கும் தெருவில் எரியும். 2018 போகியில் புகை சூழ்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தாமதமாயின.

முதல் நாள் இரவே எல்லா ஜன்னலையும் சாத்தி, கதவடியில் ஈரத் துண்டைச் சுருட்டி வைத்துவிடுவோம். எக்ஸாஸ்ட் ஃபேனை அன்று காலையில் போடுவதில்லை, போட்டால் தெருப்புகையை இடுக்கு வழியே உள்ளே இழுக்கும். காலை உணவு இட்லி, தாளிப்பு கிடையாது. மகளின் அறையில் பியூரிஃபையர் ஓடும், இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். பத்துப் பதினொரு மணிக்கு வெயில் ஏறிக் காற்று அசையத் தொடங்கி, செயலியில் எண் இறங்கியதும் இரண்டு பக்கமும் திறந்துவிடுவோம். அப்புறம் வலைகளைக் கழற்றி மாடிக் குழாயடிக்கு எடுத்துப் போக வேண்டும். அன்று அலசுகிற தண்ணீர் கறுப்பாகத்தான் போகும்.